அச்சோவியக் கண்காட்சிக்கு லென்ஸோடு போனேன்

ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெஷின் ஓட்டியவன் நான். ஓவியம் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் காகிதத்தில் மை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் பார்த்துச் சொல்லிவிடுவேன். அதனால் நூலக மாடியில் அச்சோவியக் கண்காட்சி, அதாவது கட்டையிலோ தகட்டிலோ கல்லிலோ படம் போட்டு மை தடவிக் காகிதத்தில் எடுக்கும் படங்களின் கண்காட்சி, நடக்கிறது என்று மகள் சொன்னதும், வெளியே பனி விலகாத காலையிலேயே கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். படியேறும்போதே எச்சரித்தாள்: "அப்பா, அந்த லென்ஸை மட்டும் வெளியே எடுக்காதீங்க. எல்லாரும் பார்ப்பாங்க." உள்ளே போன பத்தாவது நிமிடம் எடுத்துவிட்டேன்.

இரண்டே அறை. ஐந்து பேர் செய்த 38 படங்கள். லினோகட் (லினோலியத்தில் வெட்டுவது), மரச்செதுக்கு, எச்சிங் (தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரிப்பது), டிரைபாயிண்ட், ஒரே ஒரு கல்லச்சு. வேகமாக நடந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நாங்கள் இருந்தது இரண்டரை மணி நேரம். பெரிய அருங்காட்சியகம் என்றால் கயிறு கட்டியிருப்பார்கள், கொஞ்சம் குனிந்தாலே காவலர் இருமுவார். இங்கே மூக்கு கண்ணாடியில் இடிக்கும் வரை போகலாம். அச்சோவியத்தை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

முதல் அறையில் இடது சுவரில் ஒரு லினோகட். இரவில் பனி மூடிய கூரைகள். கறுப்பு, அடர்நீலம் என்று இரண்டே நிறம். பனிக்கு மை கிடையாது, வெறும் காகிதம்தான். அதாவது பனி தெரிய வேண்டிய இடத்தையெல்லாம் லினோவிலிருந்து உளியால் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஒரு கூரை விளிம்பில் நீலமும் கறுப்பும் சேராமல் முடியளவு வெள்ளைக் கோடு ஓடியது. எங்கள் அச்சகத்தில் இதை ரெஜிஸ்டர் அவுட் என்று சொல்லி ஷீட்டைக் கழித்துவிடுவோம். இங்கே அது கூரை மேல் நிலா வெளிச்சம் பட்ட மாதிரி இருந்தது. செய்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். தெரிந்து செய்ததா என்று கேட்டுவிட்டேன். "முதல் பிரதியில தானா வந்தது சார். நல்லா இருந்ததேன்னு எல்லாத்துலயும் அப்படியே தள்ளி வச்சுட்டேன்" என்றார். பொய் சொல்லாத மனிதர் என்று உடனே பிடித்துப்போயிற்று.

குளிர்காலத்தில் லினோ கல் மாதிரி இறுகிவிடுமாம். வெட்டுவதற்கு முன் சூடுகாட்டி இளக்குவாராம். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்த பொருள்தானே. 1860களில் ஃபிரெடரிக் வால்டன் என்ற இங்கிலாந்துக்காரர் தரையில் விரிப்பதற்காகக் கண்டுபிடித்தது, பிறகு ஓவியர்கள் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் இந்தக் கண்காட்சிக்குப் போக ஒரே ஒரு காரணம் சொல் என்றால், டிரைபாயிண்ட் சுவரைத்தான் சொல்வேன். செம்புத் தகட்டில் ஊசியால் நேராகக் கீறுவது இது. அமிலம் எதுவும் கிடையாது. கீறும்போது கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பும். மையைப் பிடித்துவைப்பது அந்தப் பிசிறுதான். ஒவ்வொரு முறை பிரஸ்ஸில் நசுங்கும்போதும் பிசிறு படுத்துக்கொண்டே போகும், பத்து இருபது பிரதிக்குள் உயிர் போய்விடும். இதைப் படித்தால் புரியாது, பார்த்தால்தான் புரியும். யாரோ நல்ல மூளைக்காரர் ஒரே தகட்டின் இரண்டாவது பிரதியையும் பன்னிரண்டாவது பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். இலையுதிர்ந்த ஒரு மரம். 2/12ல் கிளைகள் வெல்வெட் மாதிரி, ஓரம் கசிந்து, ஈரமாக நிற்கின்றன. 12/12ல் அதே கிளைகள் பென்சிலால் போட்ட மாதிரி மெலிந்துவிட்டன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டாவதில் கோட்டின் ஒரு பக்கம் மட்டும் மை பொங்கியிருப்பது தெரிகிறது. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1653ல் செய்த 'மூன்று சிலுவைகள்' தகட்டைப் பிறகு சுரண்டி, மறுபடி கீறி, கிட்டத்தட்ட வேறு படமாகவே ஆக்கிவிட்டார் என்று மகள் சொன்னாள். எனக்கென்னவோ அந்தப் பன்னிரண்டாவது மரம்தான் குளிர்காலத்து மரமாகத் தெரிந்தது. அவளுக்கு இரண்டாவது. இதற்காகக் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.

கல்லச்சு ஒன்றே ஒன்றுதான், அதுவும் சின்னது. எனக்கு அது தாத்தாவின் புகைப்படத்தைப் பார்த்த மாதிரி. 1790களின் கடைசியில் பவேரியாவில் சேனஃபெல்டர் கண்டுபிடித்த வித்தை: சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையால் வரைந்து, தண்ணீர் தடவி, மேலே மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். நான் ஓட்டிய மெஷினும் இதே எண்ணெய் தண்ணீர்ச் சண்டையில்தான் ஓடியது. கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு, அவ்வளவுதான். ரவிவர்மா 1894ல் அச்சகம் வைத்துச் சாமி படங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் கல்லச்சில்தான். இவ்வளவு கதை உள்ள முறைக்கு மூலையில் ஓர் இடம், பக்கத்தில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

விளக்கச் சீட்டு விஷயத்துக்கு வருகிறேன், அங்கேதான் கோபம் வந்தது. இரண்டாவது அறையில் மூன்று படங்களுக்குக் கீழே 'அச்சு, வரையறுக்கப்பட்ட பிரதி' என்று போட்டு, பென்சிலில் எண்ணும் கையெழுத்தும் இருந்தன. பார்வைக்கு எச்சிங் மாதிரி. ஆனால் எச்சிங் என்றால் தகட்டின் ஓரம் காகிதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்க வேண்டும், மை கொஞ்சம் மேடாக நிற்க வேண்டும். இரண்டும் இல்லை. லென்ஸை வைத்தேன். கோடு முழுக்க நுண்ணிய புள்ளித் தூறல். ஆஃப்செட்டாக இருந்தால் பூ மாதிரி ஒழுங்காகச் சேர்ந்த புள்ளிகள் தெரியும், இது அதுவும் இல்லை. இங்க்ஜெட். மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டதற்கு, "ஆமா சார், டிஜிட்டல் பிரிண்ட்தான், ஜிக்லேன்னு சொல்லுவாங்க" என்று இயல்பாகச் சொன்னார். ஜிக்லே என்பது 1991ல் இங்க்ஜெட்டுக்கு வைத்த கௌரவப் பெயர்; 'பீய்ச்சுவது' என்று அர்த்தம் வரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தது. இங்க்ஜெட் கேவலம் என்று நான் சொல்லவில்லை. நல்ல காகிதத்தில், நிறம் வெளுக்காத மையில் போட்டால் அழகுதான். ஆனால் பிசிறு தேய்ந்து பன்னிரண்டோடு நிற்கும் பிரதியையும், பட்டனைத் தட்டினால் இன்னொன்று வரும் பிரதியையும் ஒரே சொல்லால் எழுதி ஒரே சுவரில் மாட்டினால் வாங்குகிறவனுக்கு என்ன தெரியும்? சீட்டில் 'இங்க்ஜெட்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும்.

மற்றக் குறைகள் சின்னவை. சீட்டுகள் இடுப்பு உயரத்தில், எட்டு பாயிண்ட் எழுத்தில் இருக்கின்றன. வயசானவர்கள் குனிந்தே சாவார்கள். உட்கார ஒரு பெஞ்ச்கூட இல்லை. அறையில் ஹீட்டர் போடவில்லை, கால் விரல் மரத்துப்போனது. இன்னொன்று, குளிர்கால வெயில் தாழ்வாக வருவதால் மதியத்துக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக நேரே படங்கள் மேலேயே விழுகிறது. கண்ணாடியில் நம் முகம்தான் தெரியும். காகித வேலைகளுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது அருங்காட்சியகக் கணக்கு. இங்கே கைவண்ணம் தீட்டிய எச்சிங் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு திரை போடச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் காலையிலேயே போய்விடுங்கள்.

வெளியே வரும் வழியில் ஒரு மேசை. உள்ளங்கை அளவு லினோ பிளாக், ரோலர், மை, ஒரு மரக் கரண்டி. நாமே மை உருட்டி, காகிதம் வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். மகள் முதலில் எடுத்தாள். சுத்தமாக வந்தது. அப்புறம் நான். குளிரில் மை இறுகும் என்று எனக்குத் தெரியாதா? பனிக்காலக் காலையில் மெஷினைச் சும்மா சுற்றவிட்டு மை இளகிய பிறகுதானே காகிதத்தை ஏற்றுவோம். அங்கே அவசரம். மை விரியவில்லையே என்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எடுத்தேன். காகிதத்தை உரித்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் எல்லாம் அடைத்துப்போய், பறவை இருந்த இடத்தில் ஒரு கறுப்பு உருண்டை.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்" என்றாள் மகள்.

ஈரம் காயாததால் மூலையைப் பிடித்தபடியே பஸ்ஸில் வீடு வரை கொண்டுவந்தேன். கண்காட்சி இந்த மாதக் கடைசி வரை இருக்கிறது. போகிறவர்கள் ஒரு கெட்டி அட்டை எடுத்துப்போங்கள். இன்றோடு நான்கு நாள் ஆகிறது, என் உருண்டை இன்னும் விரலில் ஒட்டுகிறது.