தயாரிப்பாளர் தள்ளாடும்போது: இப்போதே வாங்குவதா, பொறுப்பதா?

நாம் ஆசையாகச் சேர்க்கும் மாடல் கார் நிறுவனம் மூடப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் தூக்கம் போய்விடும். கிடைப்பதை எல்லாம் உடனே வாங்கிவிடலாமா, நிலைமை தெளியட்டும் என்று இருக்கலாமா?

பொறுப்பதற்கு வரலாறு துணை நிற்கிறது. மேட்ச்பாக்ஸ் மாடல் கார்களைத் தயாரித்த லெஸ்னி நிறுவனம் 1982-ல் நொடித்தது. ஆனால் அந்தப் பெயர் கை மாறி, 1997-ல் பொம்மை நிறுவனமான மேட்டலிடம் வந்து சேர்ந்தது. கார்கி மாடல் கார்களைத் தயாரித்த மெட்டாய் நிறுவனம் 1983-ல் விழுந்தது, கார்கி பிழைத்துக்கொண்டது. கார்களை வார்க்கும் அச்சுகளுக்கு மதிப்பு இருக்கும்வரை யாராவது வாங்குவார்கள். புதியவர் கையில் அதே நேர்த்தி வருமா என்பதுதான் கேள்வி. டிங்கி மாடல் கார்களின் லிவர்பூல் தொழிற்சாலை 1979-ல் மூடியபின் பெயர் மட்டும் திரும்பி வந்தது.

உடனே வாங்கினால் பாதியில் நிற்கும் வரிசை நிறைவடையும். ஆனால் பதற்றத்தில் விலை ஏறியிருக்கும், பெட்டியைத் திறந்து பார்க்கவும் பொறுமை இருக்காது. அதுதான் ஆபத்து. கார்களை வார்க்கும் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் உலோகம் உள்ளிருந்தே அரிக்கும்: முதலில் பெயின்ட் கொப்புளிக்கும், பிறகு மயிரிழை விரிசல், ஒருநாள் கதவு கையோடு வந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகள் பல இப்படித்தான் போயின.

என் தேர்வு: ஓரிரண்டு மட்டுமே குறையும் வரிசைக்கு இப்போதே வாங்குவேன், கையில் எடுத்துப் பார்த்துவிட்டு. புதிய வரிசை எதையும் தொடங்க மாட்டேன். இன்னும் வெளிவராத மாடலுக்கு முன்பணம் கட்டவே மாட்டேன்.