10 அங்குல நியூட்டோனியனுக்கு மூன்று மவுண்ட்கள்: ஆறு ஆண்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 10 அங்குல நியூட்டோனியன் வகை எதிரொளிப்புத் தொலைநோக்கி. ஆடியின் விட்டம் 254 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ. குழாய் மட்டும் ஏறத்தாழ 15 கிலோ இருக்கும். பிடிவளையங்கள், ஃபைண்டர் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி), கனமான ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதி) ஆகியவற்றைச் சேர்த்தால் 18 கிலோவைத் தொட்டுவிடும். ஆறு ஆண்டுகளாக அதே ஆடிதான். ஆனால் அதை மூன்று வெவ்வேறு மவுண்ட்களில், அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் அமைப்புகளில், ஏற்றிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறொரு தொலைநோக்கி வாங்கியது போலவே இருந்தது. பெரிய ஆடி வாங்க விரும்புகிறவர்கள் அதன் விட்டத்தைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, மிஞ்சிய பணத்துக்குள் அடங்கும் மவுண்டை எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது மோட்டார் பொருத்திய, நடுத்தர அளவுள்ள ஜெர்மன் ஈக்குவடோரியல் மவுண்ட்; புவியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் சுழன்று விண்பொருளைப் பின்தொடரும் வகை. 18 கிலோ வரை தாங்கும் என்று அதன் விவரக்குறிப்பில் இருந்தது. என் கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் கணக்கிட வேண்டியது எடையை மட்டும் அல்ல என்பது சனிக்கோளைப் பார்த்த முதல் இரவிலேயே புரிந்துவிட்டது. 5 மி.மீ. ஐபீஸில் உருப்பெருக்கம் 240 மடங்கு. குவியத்தைச் சரிசெய்ய ஃபோகசரின் திருகைத் தொட்டதும், வளையங்களோடு கூடிய கோள் இரண்டாகவும் மூன்றாகவும் சிதறி ஆடியது. விரலை எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஆறாவது விநாடியில்தான் அடங்கியது. அடங்கிய பிறகு பார்த்தால் குவியம் சற்றே தாண்டிப் போயிருக்கும். மறுபடியும் தொட வேண்டும், மறுபடியும் காத்திருக்க வேண்டும். குழாய் வெறும் 10 விகலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை) அசைந்தாலே, 240 மடங்கில் அது கண்ணுக்கு 40 கலை ஆட்டமாகத் தெரியும். வெறுங்கண்ணால் காணும் முழுநிலவின் அகலத்தை விட அது அதிகம். சனியின் வளையங்களுக்கு நடுவே உள்ள காசினி இடைவெளியை அந்த நிலையில் தேடுவது வீண் வேலை.

காரணம் நெம்புகோல் தத்துவத்தில் இருக்கிறது. நியூட்டோனியன் குழாய் தடிமனானது, நீளமானது. அதன் எடை மவுண்டின் அச்சிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்குகிறது. இரு முனைகளும் அச்சுக்கு அப்பால் வெகுதூரம் நீண்டு நிற்கின்றன. அதே எடையுள்ள, ஒளிப்பாதையை உள்ளே மடக்கியதால் குட்டையான ஷ்மிட்-காசெக்ரெய்ன் வகைக் குழாயை அதே மவுண்ட் சிரமமின்றித் தாங்கும். போதாக்குறைக்கு, ஒரு மீட்டருக்கும் அதிகமான இந்தக் குழாய் காற்றில் பாய்மரம் போல நடந்துகொள்கிறது. முக்காலியின் கால்களை முழுவதும் உள்ளே தள்ளி, உயரத்தைக் குறைத்து வைத்ததில் ஆட்டம் அடங்கும் நேரம் ஏறக்குறைய பாதியானது. அதற்கு மேல் எந்தச் சரிசெய்தலும் பலன் தரவில்லை.

இன்னொரு தொல்லையை வாங்குவதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஈக்குவடோரியல் மவுண்டில் வானத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குத் திரும்பும்போது குழாயும் உருள்வதால், ஐபீஸ் ஒரு நேரம் தரையைப் பார்க்கும், மற்றொரு நேரம் தலைக்கு மேலே போய்விடும். ஒவ்வொரு முறையும் வளையங்களைத் தளர்த்தி, குழாயைச் சுழற்றி, மீண்டும் சமநிலை பார்க்க வேண்டும். மவுண்ட், முக்காலி, எதிர் எடைகள், குழாய் என 50 கிலோவுக்கு மேல் தூக்கி வைத்த பிறகு இந்த வேலையும் சேர்ந்தால், நல்ல வானம் கிடைத்த இரவிலும் வெளியே போக மனம் வராது. எனக்கு வரவில்லை.

இரண்டாம் ஆண்டின் முடிவில் அதைக் கொடுத்துவிட்டு, 18 மி.மீ. ஒட்டுப்பலகையில், தரையில் வைத்துக் குழாயைக் கையால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் பெட்டி ஒன்றைச் செய்தேன். 1968இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜான் டாப்சன் பரவலாக்கிய வடிவம் இது. குழாயின் எடை எந்தத் தண்டிலும் தொங்காமல் நேராகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. சுழலும் பரப்புகளுக்கு இடையே டெஃப்லான் துண்டுகள் இருக்கின்றன. டெஃப்லானில், அசையத் தொடங்கத் தேவைப்படும் விசையும் அசைந்துகொண்டிருக்கத் தேவைப்படும் விசையும் அதிகம் வேறுபடுவதில்லை. அதனால்தான் குழாயை மெதுவாகத் தள்ளும்போது அது வெட்டென்று குதிப்பதில்லை. இங்கே ஃபோகசரைத் தட்டினால் ஒரு விநாடிக்குள் படம் நின்றுவிடுகிறது. அன்று முதல் இந்தத் தொலைநோக்கியில் நான் உண்மையாகவே பார்க்கத் தொடங்கினேன் என்று சொல்வேன்.

குறைகளும் உண்டு. கனமான ஐபீஸைப் போட்டதும் குழாயின் வாய் மெல்லத் தாழ்ந்துவிடும். ஆடிப்பக்கம் உள்ள இரும்புக் குழாயில் காந்த எடைகளை ஒட்டி அதைச் சமாளிக்கிறேன். டெஃப்லானில் தூசி படிந்தால் அசைவு கரகரவென்றாகிவிடும் என்பதால் ஆண்டுக்கு இருமுறை பெட்டியைப் பிரித்துத் துடைக்கிறேன். உச்சிக்கு அருகே உள்ள பொருளைப் பின்தொடர்வது கடினம், ஏனெனில் சிறிதளவு நகர்த்தவும் பெட்டியையே பெரிய கோணத்தில் திருப்ப வேண்டியிருக்கும். வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. 50 பாகைத் தோற்றப்புலம் (கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) கொண்ட ஐபீஸில் 240 மடங்கு வைத்தால், வான நடுவரையை (நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் அமையும் கோட்டை) ஒட்டிய கோள் சுமார் 50 விநாடிகளில் புலத்தைக் கடந்துவிடும். தனியாகப் பார்ப்பவருக்கு இது பழகிவிடும். வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்குக் காட்டும்போதுதான் வருத்தமாக இருக்கும். நாம் விலகி, குழந்தை ஏறி, கண்ணை வைப்பதற்குள் கோள் போய்விட்டிருக்கும்.

அதற்குத் தீர்வாக வந்ததுதான் பெட்டிக்கு அடியில் வைக்கும் ஈக்குவடோரியல் பலகை. அட்ரியன் போன்சே என்பவர் 1977இல் அறிமுகப்படுத்திய யோசனை இது. புவியின் அச்சுக்கு இணையான ஒரு கற்பனை அச்சில் முழுப் பெட்டியும் மெல்லச் சாய்ந்துகொடுப்பதால், ஒரு மணி நேரம் வரை பொருள் புலத்திலேயே நிற்கிறது. பிறகு பலகையைத் தொடக்க நிலைக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அட்சரேகைக்கும் தனியாகச் செய்ய வேண்டிய கருவி இது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்த அச்சு படுத்துவிடுவதால், உறுதியாக அமைப்பதும் கடினமாகிறது.

மூன்றாவது மவுண்ட் ஒளிப்படத்துக்காக வாங்கியது: 30 கிலோவுக்கு மேல் தாங்கும் ஈக்குவடோரியல், கான்கிரீட் தூணில் நிலையாகப் பொருத்தியது. என் கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான்; 1200 மி.மீ. குவியத் தூரத்தில் ஒரு பிக்சலுக்கு 0.65 விகலைதான் வருகிறது. எனவே பின்தொடர்தலில் ஒரு விகலைக்கு மேல் பிழை வந்தாலே விண்மீன்கள் நீண்டுவிடும். மவுண்டைச் சுழற்றும் புழுப்பல்சக்கரத்தின் பற்கள் 180 என்பதால் ஏறத்தாழ 8 நிமிடங்களுக்கு ஒருமுறை அதே பிழை திரும்ப வருகிறது. ஒரு விண்மீனைக் கவனித்துக்கொண்டிருக்கும் வழிகாட்டிக் கேமரா அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. கிழக்குப் பக்கத்தைச் சற்றே கனமாக வைத்தால் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தி நிற்பதால் திருத்தம் சீராகிறது. ஒளிப்படத்துக்கு, சொல்லப்பட்ட எடையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையே ஏற்றுங்கள் என்ற பழைய விதியை இப்போது முழுமையாக நம்புகிறேன். நிலையான தூண் அமைக்க இடம் இல்லாதவர் இந்த அளவுக் குழாயை ஈக்குவடோரியல் மவுண்டில் வைத்துப் படமெடுக்க நினைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவருக்கு 6 அங்குலக் குழாய் அதிக மகிழ்ச்சி தரும்.

இப்போதும் நிலவற்ற இரவுகளில் பெரும்பாலும் கண்ணால் பார்க்கவே விரும்புகிறேன். அப்போதெல்லாம் குழாய் தூணிலிருந்து இறங்கி ஒட்டுப்பலகைப் பெட்டிக்குத்தான் போகிறது. குழாய் மேலும் கீழும் சாயும்போது அதைத் தாங்கும் பக்கவாட்டு வட்டங்களைப் பெரிதாக அறுத்து மாற்றினால், உராய்வின் பிடி கூடி ஐபீஸ் எடைக்குக் குழாய் தாழாமல் நிற்கும். அதற்கான பலகையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.