டப்ளின் செஸ்டர் பீட்டி மியூசியம் – பாரசீக ஓவியம் பிடிச்சவங்க கட்டாயம் போங்க

டப்ளின் கோட்டைக்குள்ளயே இருக்கு, டிக்கெட் கிடையாது, ஃப்ரீ. சுரங்கத் தொழில்ல சம்பாதிச்ச ஆல்ஃபிரட் செஸ்டர் பீட்டி (1875–1968) வாழ்நாள் முழுக்க தேடித்தேடி வாங்கின கையெழுத்துச் சுவடிங்க எல்லாம் அவர் காலத்துக்கப்புறம் மக்களுக்குன்னு ஆயிடுச்சு, 2002ல ஐரோப்பாவோட சிறந்த மியூசியம் விருதும் வாங்கிருக்கு.

நான் போனதே 1330கள்ல ஈரான்ல மங்கோலியர் ஆட்சி காலத்துல தயாரான அந்த பெரிய ஷாநாமாவுக்காகத்தான் (ஷாநாமான்னா பாரசீக மன்னர்கள் கதையைச் சொல்ற காவியம், இது ஓவியங்களோட இருந்த அதோட ஒரு கையெழுத்துப் பிரதி). அந்தப் பிரதியோட சில தாள்கள் இந்த மியூசியத்துகிட்ட இருக்கு. டெமோட்னு ஒரு பாரிஸ் வியாபாரி முழு புத்தகத்தையும் பிரிச்சு, ரெண்டு பக்கமும் ஓவியம் இருந்த தாளை முன்பக்கம் வேற பின்பக்கம் வேறன்னு உரிச்சு ரெண்டா ஆக்கி தனித்தனியா வித்துட்டாரு, நினைச்சாலே வயிறு எரியுது. எழுநூறு வருஷ புத்தகம்ங்க அது!

லைட் மங்கலா வச்சிருப்பாங்க, நிறம் வெளுக்கக் கூடாதுன்னுதான், கண்ணு பழக ரெண்டு நிமிஷம் குடுங்க, அப்புறம் தங்கமும் லாபிஸ்ங்கற கல்லுல இருந்து எடுத்த நீலமும் தானா தெரியும். தாள்களை மாத்தி மாத்திதான் வெளிய வைப்பாங்க, அதனால ஒரே ஒரு ஓவியத்துக்காக போறதா இருந்தா முன்னாடியே கேட்டுக்கங்க.

சேகரிக்கிற ஆசை இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி இங்க வந்து அசலை நல்லா பாருங்க. நான் ஆன்லைன்ல ஒரு தாள் வாங்கினேன், எழுத்து பழசு, மேல இருந்த படம் மட்டும் புதுசா வரைஞ்சது. இங்க ஒரு மணி நேரம் நின்னிருந்தா அந்தக் காசு போயிருக்காது.