மைக்கு மாதச் சந்தாவா, இங்க் டேங்க்கா, டோனரா?

பாட்டுக்குச் சந்தா, படத்துக்குச் சந்தா, போட்டோ சேமித்து வைக்கச் சந்தா என்று கட்டிக்கொண்டிருக்கும்போதே, வீட்டுப் பிரிண்டரின் மைக்கும் மாதச் சந்தா வந்துவிட்டது. எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் எரிச்சலில் கண்டதை வாங்கினாலும் காசு கரையும். மாதம் எத்தனை பக்கம் எடுக்கிறீர்கள், அதில் கலர் எவ்வளவு, பிரிண்டர் தொடர்ந்து எத்தனை நாள் சும்மா கிடக்கிறது என்ற மூன்றையும் முதலில் கணக்குப் பாருங்கள்.

சந்தாவில் பெயர்பெற்றது எச்.பி. நிறுவனம் 2013இல் தொடங்கிய இன்ஸ்டன்ட் இங்க். இதில் கணக்கு மைக்கு அல்ல, பக்கத்துக்கு. ஒரே வரி அச்சான தாளும் ஒரு பக்கம்தான், தாள் நிறைய கலர் போட்டோவும் ஒரு பக்கம்தான். ஆகவே படமும் வரைபடமுமாக எடுப்பவருக்கு இது உண்மையிலேயே மலிவு. கடிதமும் விண்ணப்பப் படிவமும் எடுப்பவர் தொடாத மைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். மிச்சமான பக்கங்கள் அடுத்த மாதத்தில் சேரும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. மை குறைந்ததைப் பிரிண்டரே நெட் வழியாகத் தெரிவித்து, கார்ட்ரிட்ஜ் வீடு தேடி வரும். இந்த வசதியைக் குறை சொல்ல முடியாது.

கோபம் வருவது வேறு இடத்தில். சந்தாவை நிறுத்தினால், அந்த பில்லிங் மாதம் முடிந்ததும் கார்ட்ரிட்ஜ் தொலைவிலிருந்தே முடக்கப்படும். உள்ளே மை ததும்பினாலும் ஒரு பக்கம்கூட வராது. பணம் எடுக்க முடியாதபடி பேங்க் கார்டு காலாவதியானாலும், பிரிண்டர் நெடுநாள் நெட்டில் இல்லாவிட்டாலும் இதே கதிதான். கையில் இருக்கும் பொருள் நமக்குச் சொந்தமில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். எச்.பி. பிளஸ் என்று விற்ற மாடல்கள் இன்னும் ஒரு படி மேல். முதல் செட்டப்பில் அதற்குச் சம்மதித்துவிட்டால், அந்த பிரிண்டர் உழைக்கும் காலம் முழுக்கக் கம்பெனி மையும் நெட் இணைப்பும் கட்டாயம். மாடல் எண்ணின் கடைசியில் ஆங்கில 'இ' எழுத்து இருந்தால், சம்மதிக்கும் முன் நிதானமாகப் படியுங்கள்.

சந்தா வேண்டாம் என்று சாதாரண கார்ட்ரிட்ஜுக்குப் போவதும் பெரிய விடுதலை அல்ல. சின்ன கார்ட்ரிட்ஜ்கள் பலவும் 100 முதல் 200 பக்கத்தில் தீர்ந்துவிடும். பிரிண்டர் விலை குறைவு, மை விலை அதிகம். வெளிக் கம்பெனி மை போட்டால், கார்ட்ரிட்ஜை அடையாளம் காட்டும் சின்ன சிப் தடுக்கும். 2016 செப்டம்பரில் எச்.பி. பிரிண்டர்கள் பல, அதுவரை ஏற்றுக்கொண்ட வெளிக் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுத்தன. அச்சடிக்க அந்த சிப் அவசியமா? 2022இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கேனன் நிறுவனம் சிப் இல்லாத டோனர்களை (லேசர் பிரிண்டருக்கான மைப்பொடி) அனுப்பி, எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியையும் தானே சொல்லிக் கொடுத்தது. பதில் அதிலேயே இருக்கிறது.

பக்கக் கணக்கில் மலிவு இங்க் டேங்க், அதாவது பாட்டிலிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் தொட்டி உள்ள பிரிண்டர். எப்சன் நிறுவனம் 2010இல் இந்தோனேசியாவில் முதலில் இறக்கியது. 65 மி.லி. கறுப்பு மை பாட்டில் ஒன்று ஏறத்தாழ 4,500 பக்கம் வரும். முதல் முறை ஊற்றும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும் என்பதால், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

டேங்க்கின் எதிரி சும்மா கிடப்பது. மையைத் தாளில் தெளிக்கும் ஹெட்டின் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்கள். பிரிண்டரை அதன் பட்டனில்தான் அணைக்க வேண்டும், சுவர் சுவிட்சில் அல்ல. பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரம் போய் மூடியில் உட்காரும். சுவிட்சைத் தட்டினால் சில நேரம் நடுவழியில் நின்று, திறந்தபடியே காயும். அச்சில் கோடு விழுந்தால் முதலில் நாசில் செக், அதாவது நுண்துளைகளைச் சோதிக்கும் தாள் எடுங்கள். கட்டம் கட்டமான கோடுகளில் எந்த நிறம் அறுபட்டிருக்கிறதோ அதில்தான் அடைப்பு. அதன்பின் பிரிண்டர் மெனுவில் ஹெட் கிளீனிங், மறுபடி நாசில் செக். மூன்று முறைக்குச் சரியாகாவிட்டால் அணைத்து, ஓர் இரவு விட்டுவிட்டுப் பாருங்கள். விடாமல் கிளீனிங் கொடுத்தால் மை வீணாகிக் கழிவு மைப் பஞ்சு நிரம்பும். அது நிரம்பினால் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும். கழிவு மையைச் சேர்க்கும், நாமே கழற்றி மாற்றக்கூடிய மெயின்டனன்ஸ் பாக்ஸ் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

மாதம் 20, 30 பக்கம், எல்லாம் கறுப்பு வெள்ளை என்றால் என் தேர்வு தயக்கமில்லாமல் லேசர். டோனர் பொடி என்பதால் ஆறு மாதம் தொடாவிட்டாலும் காயாது. சிறிய டோனர் 1,000 பக்கம் வரும், பெரியவை 2,000க்கு மேல். பெட்டியோடு வருவது பெரும்பாலும் அரைகுறை டோனர். சில மாடல்களில் பொடியைத் தாளுக்கு மாற்றும் உருளையான ட்ரம் தனி உதிரிபாகம், அதன் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடேறும்போது மின்சாரத்தை அதிகம் இழுப்பதால் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. போட்டோவுக்கு இது ஆகாது.

ஒப்பிட ஒரே கணக்கு: மை விலையை, பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணால் வகுங்கள். அந்த எண் தாளில் சுமார் 5 சதவீத இடத்தில் மட்டும் அச்சு விழும் சோதனைப் பக்கத்தை விடாமல் அடித்துப் பெற்றது. எப்போதாவது எடுக்கும் வீட்டில் இங்க்ஜெட்டுக்கு அது வராது, கிளீனிங்கிலேயே நிறையப் போகும். டேங்க்குக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை, மாதாமாதம் மிச்சமாகும் சந்தாவால் வகுத்தால் போட்ட காசு திரும்பும் மாதம் தெரியும். அது மூன்று வருடத்தைத் தாண்டினால், இருக்கும் பிரிண்டரிலேயே தொடருங்கள்.

சந்தாவை நிறுத்துவதாக முடிவெடுத்தால் வரிசை முக்கியம். முதலில் கடையில் விற்கும் சாதாரண கார்ட்ரிட்ஜ் ஒரு செட் வாங்குங்கள். அதைப் போட்டு ஒரு சோதனைப் பக்கம் எடுத்துவிட்டு, சந்தா கார்ட்ரிட்ஜை மறுபடி மாட்டுங்கள். அதன்பின் சந்தாக் கணக்கில் நிறுத்தும் பட்டனை அழுத்தி, பில்லிங் கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, மிச்சமிருக்கும் பக்கங்களை அதற்குள் எடுத்து முடியுங்கள்.