பெரியம்மாவின் தண்ணீர்க் கணக்கு

ஷார்ஜாவிலிருந்து லீவில் மண்டபம் வந்த நான்காம் நாள் காலை. மீன் அலசிக்கொண்டிருந்த பெரியம்மா, "மண்டை வெடிக்குதுய்யா" என்று தலையைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்தார். 108 சீக்கிரமே வந்தது. ராமநாதபுரத்தில் சிடி ஸ்கேன் எடுத்து, மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். ரத்தக்குழாயில் பலூன் போலப் புடைத்திருந்த இடம் வெடித்திருந்தது. மறுநாளே ஆபரேஷன் செய்து கிளிப் போட்டார்கள்.

அதோடு கண்டம் கழிந்தது என்று நினைத்தேன். "இனிமேதான் தம்பி கவனமா இருக்கணும்" என்றார் டாக்டர். கசிவு நடந்த 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கலாம். அந்த நேரத்தில் உடம்பில் ரத்த அளவு குறைந்தால் மூளைக்கு ரத்தம் போய்ச் சேராது, பக்கவாதம் வரலாம். அதற்காகத்தான் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் நிமோடிபின் மாத்திரை, மொத்தம் 21 நாள். அந்த மாத்திரையால் பிரஷர் இறங்கிவிடாமலும் பார்க்க வேண்டும்.

ஐசியூவில் நான் வியந்தது ஒரு சிஸ்டரைப் பார்த்துத்தான். மணிக்கு ஒருமுறை கட்டிலடியில் குந்தி, சிறுநீர்ப் பையைத் திறந்து அளவு ஜாடியில் பிடித்து, கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து எழுதுவார். டிரிப்ஸ், மூக்குக் குழாய்க் கஞ்சி, மாத்திரை கரைத்த தண்ணீர் எல்லாம் ஒரு பக்கம். வெளியே வந்தது மறுபக்கம்.

ஏழாம் நாள் சிறுநீர் மணிக்கு 200 மில்லிக்கு மேல் போனது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, 127. 135-க்குக் கீழே போகக் கூடாதாம். பெரியம்மா என்னைச் செத்துப்போன பெரியப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். "மூளை வீங்கியிருக்கு, தண்ணியைக் குறைக்கச் சொல்லு" என்றார் மாமா. எனக்கும் அது சரி என்றே பட்டது. டாக்டர் ஒப்பவில்லை. இவருக்கு உப்பு சிறுநீரில் போகிறது, தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. இப்போது குறைத்தால் ரத்த அளவு இன்னும் சரியும் என்றார். போனதை ஈடுகட்டச் சாதாரண சலைன், அதோடு 3 சதவீத உப்புக் கரைசல் மெல்ல மெல்ல. வேகமாக ஏற்றினால் அதுவும் மூளைக்கு ஆபத்து. முன்பெல்லாம் வேண்டுமென்றே அதிகமாக ஏற்றுவார்களாம். பலன் தெரியவில்லை, நுரையீரலில் நீர் கோத்ததுதான் மிச்சம் என்று அதை விட்டுவிட்டார்கள். மூன்று நாளில் சோடியம் 136-க்கு வந்தது, பேச்சும் தெளிந்தது.

குறை வார்டில்தான். மாற்றிய முதல் ராத்திரி யாரோ பையை அளக்காமலே கொட்டிவிட்டார்கள். சார்ட்டில் 10 மணியிலிருந்து விடியும்வரை வெறும் கட்டங்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ரத்தம் எடுத்து மறுபடி சோடியம் பார்க்கச் சொன்னார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, நேராகப் போய்ச் சொன்னேன். ஆனால் ராத்திரி அத்தனை கட்டிலுக்கும் ஒரே சிஸ்டர். என்ன செய்வார்? அன்றே 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன், நானும் தங்கச்சியும் மாறி மாறி எழுதினோம். சொந்தக்காரர்கள் கொண்டுவந்த இளநீரையும் கேட்காமல் கொடுக்கவில்லை. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு.

ஊரில் யாருக்காவது இப்படி ஆகி நீங்கள் வெளிநாட்டிலிருந்து ஓடி வந்தால், போனதும் அந்தச் சார்ட்டைக் கேளுங்கள். எதை அளக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சிஸ்டர் சொல்லிக் கொடுப்பார். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அந்த ராத்திரி டியூட்டி சிஸ்டர்தான்.