ஃபொயிலா, எப்பேயா, சேபரா: யாழ்ப்பாணத்தில் வாள் பழகப் போனால் எதைக் கையில் எடுப்பது?

வாள்வீச்சுப் பழகப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை மாஸ்ரர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டிட்டே வந்தனீங்கள்?" இரண்டாவது, "எதைப் பிடிக்கப் போறியள்?" மண்டபத்து மூலையில் ஃபொயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள்கள் சுவரோடு சாத்தி இருந்தன. எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கூட வந்த 12 வயது மருமகனுக்கு யோசனையே இல்லை. "சேபர்" என்றான்.

அவனுக்குக் காரணம் பவானி தேவி. சென்னைக்காரி. இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் வாள்வீச்சுக்குப் போன முதல் ஆள். டோக்கியோவில் 2021 யூலை 26 அன்று முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார். அடுத்ததில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். அந்த ஆட்டங்களை மருமகன் தொலைபேசியில் எத்தனை தரம் பார்த்தான் என்று அவன் தாயைத்தான் கேட்க வேண்டும். தமிழ் பேசுகிற ஒருத்தி முகமூடியைக் கழற்றிக் கத்தும்போது 12 வயதுப் பெடியனுக்கு வேறெந்த வாள் கண்ணில் படும்?

சேபரில் குத்தவும் செய்யலாம், வெட்டவும் செய்யலாம். இடுப்புக்கு மேலே தலை, கை எல்லாம் இலக்கு. ஒரு புள்ளி பெரும்பாலும் இரண்டு மூன்று செக்கனில் முடிந்துவிடும். மற்ற இரண்டிலும் போல நுனியில் அமுங்குகிற சுருளும் இல்லை, அலகுக்குள் மின் வயரும் இல்லை. அதனால் வாளில் பழுதாக அதிகம் கிடையாது. சிக்கல் வேறு இடத்தில். வாள் பட்டதும் விளக்கு எரிகிற மின்பெட்டி ஒன்று உண்டு; அதில் இருவரது விளக்கும் ஒன்றாக எரிந்தால் புள்ளி யாருக்கு என்று நடுவர் சொல்ல வேண்டும். தாக்குதலை யார் முதலில் தொடங்கினார் என்ற முன்னுரிமைக் கணக்கு அது. அந்த வேகத்தில் அதைப் பார்த்துச் சொல்லப் பழகிய கண் வேண்டும். எங்கள் மண்டபத்தில் அந்தக் கண் மாஸ்ரர் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் மற்றப் பிள்ளைகளிடம் போன நேரம் சேபர்க்காரரின் சத்தம், அம்பயர் இல்லாத ஒழுங்கைக் கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கேட்கிற சத்தம்.

ஃபொயிலில்தான் தொடங்க வேண்டும் என்பது பழைய வாத்திமாரின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. வாளின் எடை 500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சின்னக் கைக்கென்று கட்டை அலகும் கிடைக்கும். குத்து மட்டும்தான், அதுவும் உடம்பில் மட்டும். கையில் பட்டால் புள்ளி இல்லை, வெள்ளை விளக்கு எரிந்து ஆட்டம் நிற்கும். எதிரியின் அலகைத் தட்டி விலக்கிவிட்டுத் திருப்பிக் குத்துகிற ஒழுங்கு இதில்தான் கையில் ஊறும். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவர் யோசிக்காமல் இதில் விடலாம்.

ஆனால் ஃபொயிலுக்கும் முன்னுரிமைக் கணக்கு உண்டு. அதோடு லாமே என்ற மேலங்கியும் வேண்டும், உலோக இழை ஓடுகிற துணி. எங்கள் வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் ஆடினால் அது வியர்வையில் நனைந்துவிடும். உப்பு இழையை அரிக்கும், பச்சையாகக் கறை பிடிக்கும், அந்த இடத்தில் குத்தினாலும் விளக்கு எரியாது. கழுவலாமே என்றால், எங்கள் கிணற்றில் வருவதும் உவர்த் தண்ணிதான். கூறைச் சேலையைக் கூட நான் இந்த அளவு பக்குவமாகப் பார்த்ததில்லை. சேபருக்கும் லாமே உண்டு, கைவைத்தது. முகமூடியும் மின் கடத்துகிறதாக இருக்க வேண்டும்.

மெல்லிய வாள்தானே, ஃபொயிலில் ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1982 இல் ரோமில் உலகச் சம்பியன் போட்டியில் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவின் உயிரைப் பறித்த காயம் பட்டது ஃபொயில் ஆட்டத்தில்தான். எதிரியின் அலகு முறிந்து முகமூடியைத் துளைத்தது. அதற்குப் பிறகுதான் அலகின் இரும்பு, முகமூடி, அங்கி எல்லாவற்றுக்கும் விதிகள் இறுகின. ஆகவே எந்த வாள் எடுத்தாலும் முகமூடியின் வலையைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். குழிந்தால் அதைப் போட வேண்டாம்.

நான் எடுத்தது எப்பே. 770 கிராம் வரை எடை வரும், மூன்றிலும் பாரமானது. முதல் கிழமை மணிக்கட்டு நொந்தது. ஆனால் விதி ஒரு வரி: யார் முதலில் குத்தினாரோ அவருக்குப் புள்ளி. உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை எங்கும் குத்தலாம். முன்னுரிமை இல்லை, லாமே இல்லை. 0.04 செக்கனுக்குள் இருவரும் குத்தினால் இருவருக்கும் புள்ளி. பெட்டி சொல்வதுதான் தீர்ப்பு. நடுவர் வெளியே தேத்தண்ணி குடிக்கப் போனாலும் ஆட்டம் நடக்கும். ஆட்டத்துக்கு முன் வாள் நுனியில் 750 கிராம் படிக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கிற சுருள் அதைத் தூக்கிவிட வேண்டும். என் வாள் முதல் தரம் தூக்கவில்லை. நுனியில் இருக்கிற இரண்டு திருகாணிகளைக் கழற்றினோம், ஒன்று கீழே விழுந்தது. கடுகளவு சாமான். நாலு பேர் முழங்காலில் நின்று தேடினோம். (இது எப்பேக்கு எதிரான வாதம் என்று மருமகன் குறித்து வைத்திருக்கிறான்.)

44 வயதுக்காரனுக்கு இன்னொரு வசதி, எப்பேயில் பொறுமைக்கு விலை உண்டு. பின்னால் போய்ப் போய், எதிரி கையை நீட்டுகிற நேரம் பார்த்து அவன் மணிக்கட்டில் குத்தினால் போதும். வெளியே நின்று பார்ப்பவருக்கு இது அலுப்பு. "என்ன ரெண்டு கொக்கு நிக்கிற மாதிரி நிக்கிறியள்" என்று பெரியப்பா கேட்டது சரிதான். எங்கட சிலம்படி இருக்க இது என்னத்துக்கு என்பதும் அவர் கேள்வி. செலவுக் கணக்கில் அவர் பக்கம்தான் வெற்றி, ஒரு கம்பும் முற்றமும் போதும். ஆனால் சிலம்பம் சுற்றிச் சுற்றி ஆடுவது, இது 14 மீற்றர் நீளக் கோட்டில் முன்னும் பின்னும். சிலம்பம் பழகியவருக்கு மணிக்கட்டு தயாராக இருக்கும், கால்தான் சொல்லுக் கேளாது.

எப்பேயின் பெரிய குறை எங்கள் மண்டபத்துக்கே உரியது. போட்டிகளில் உலோகத் தளம் விரிப்பார்கள். அதில் நுனி பட்டால் விளக்கு எரியாது. எங்களுக்கு வெறும் சீமெந்துத் தரை. காலைக் குறிவைத்துத் தவறித் தரையில் குத்தினாலும் பெட்டி கத்தும்.

மருமகன் இன்னும் சேபர்தான். போன ஞாயிறு மட்டும் ஒரு மாற்றத்துக்கு எப்பேயைக் கேட்டு வாங்கினான். வந்த வேகத்தில் குனிந்து என் கால் பெருவிரலுக்குக் குத்தினான். விளக்கு எரிந்தது. நான் நிலம் என்கிறேன், அவன் "மாமா, சப்பாத்தைப் பாருங்கோ" என்கிறான். மாஸ்ரர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.