நாலு வருஷ மசாஜ்: எது நின்றது, எது மூணே நாளில் போனது

முதல் நாள் நான் என் வலியைப் பற்றிப் பாதிகூடச் சொல்லி முடித்திருக்கவில்லை. மசாஜ் தெரபிஸ்ட் குப்புறப் படுக்கச் சொன்னார். வலது பக்கம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு மேடு இருக்குமே, அங்கே கட்டைவிரலை வைத்து மெதுவாக அமுக்கினார். அமுக்கியது தோளில், வலி வந்தது நெற்றிப்பொட்டில். கண்ணுக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்த மாதிரி இருந்தது. அது நான் இரண்டு வருஷமாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்த அதே தலைவலி.

"அக்கா, மவுஸ் மேசையில தூரமா இருக்கா? வலது தோளைத் தூக்கிட்டேதான் நாள் பூரா உட்காருவீங்களோ?" என்று கேட்டார். என் மேசையை அவர் பார்த்ததே இல்லை. முதுகை வைத்தே மேசையைச் சொல்லிவிட்டார்.

நான் பார்ப்பது பக்க வடிவமைப்பு வேலை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் திரைக்கு முன்னால்தான். வலது கழுத்தில் பிடிப்பு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தலைவலி, காலையில் எழுந்ததும் இடுப்பில் இறுக்கம். கண்ணாடி மாற்றியாயிற்று, தலையணை மாற்றியாயிற்று. எக்ஸ்ரேயில் வயதுக்கேற்ற தேய்மானம் தவிர ஒன்றுமில்லை என்றார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த உடற்பயிற்சித் தாள் மேசை டிராயரிலேயே கிடந்தது. சோம்பல் பாதி. கழுத்தைத் திருப்பினாலே வலிக்கும்போது யார் பயிற்சி செய்வார்கள் என்ற நியாயம் மீதி.

ஓரிடத்தில் முடிச்சு, வேறிடத்தில் வலி என்பது கட்டுக்கதை இல்லை. எந்தத் தசையை அமுக்கினால் எங்கே வலிக்கும் என்று உடம்பு முழுக்கப் படம் போட்டவர் ஜேனட் டிராவல் என்ற அமெரிக்க மருத்துவர். அதிபர் கென்னடியின் முதுகுவலியைக் கவனித்தவரும் அவர்தான். அந்த முடிச்சுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எனக்கு அதில் கருத்து கிடையாது. அமுக்கினால் நெற்றிப்பொட்டு தெறிக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

சந்தேகப் பிராணி என்பதால் முதல் வாரத்திலிருந்தே ஒரு நோட்டு போட்டேன். 0 என்றால் வலியில்லை, 10 என்றால் தாங்க முடியாது. மசாஜுக்கு முன், மறுநாள் காலை, மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று நாலு எண்கள். முதல் இரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது: 7, 3, 3, 6. அதாவது மறுநாள் சொர்க்கம், மூன்று நாள் நிம்மதி, வாரக் கடைசியில் பழைய குருடி கதவைத் திறடி. இந்த வரியைப் பார்த்துத்தான் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

விடாததற்குக் காரணம் அந்தத் தெரபிஸ்ட்தான். நோட்டைக் காட்டினேன். "மூணு நாள் நான் தர்றேன், அந்த மூணு நாள்ல நீங்க என்ன பண்றீங்க?" என்றார். ஒன்றும் பண்ணவில்லை. வலி இல்லையே என்று இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து வேலை பார்த்தேன். அதுதான் உண்மை.

அப்புறம்தான் டிராயரிலிருந்த தாள் வெளியே வந்தது. கழுத்து திரும்பும்போதே பயிற்சி செய்தால் செய்ய முடிகிறது, அவ்வளவு எளிய விஷயம். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது, தாடையை உள்ளே இழுப்பது, இடுப்புக்கு இரண்டு அசைவுகள். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். மவுஸைக் கீபோர்டை ஒட்டிக் கொண்டுவந்தேன், நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தினேன். அடுத்த மூன்று மாதத்தில் நோட்டு வரி 6, 3, 2, 3 என்று ஆனது. நாலாவது எண் இறங்கியதுதான் எனக்குப் பெரிய செய்தி. மசாஜ் வலியைத் தீர்க்கவில்லை. கதவைத் திறந்து மூன்று நாள் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே நான்தான் போக வேண்டியிருந்தது.

இரண்டாம் வருஷத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். இவர் கை ரொம்ப மென்மை, இன்னும் அழுத்தினால் இன்னும் பலன் கிடைக்கும் என்று நானே முடிவு செய்து வேறொருவரிடம் போனேன். பெயர் வேண்டாம். முழங்கையை முதுகில் ஊன்றி உருவினார். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். "வலிச்சாதான் இறங்கும்" என்றார். இறங்கியது என்னவோ என் உற்சாகம்தான். மறுநாள் தோள்பட்டைக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு, நாலு நாள் கையைத் தூக்கச் சிரமம். நோட்டில் அந்த வாரம்: 4, 6, 6, 4. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் 4தான்.

அந்தக் கோபத்தில்தான் ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 401 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2011இல் வெளியானது. ஒரு குழுவுக்கு உடம்பைத் தளர்த்தும் சாதாரண மசாஜ், இன்னொரு குழுவுக்குக் குறிப்பிட்ட தசைகளைத் தேடிப் பிடிக்கும் மசாஜ், மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். வாரம் ஒன்று வீதம் பத்து அமர்வுகள். மசாஜ் எடுத்த இரண்டு குழுக்களும் மூன்றாவதைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். ஆனால் அந்த இரண்டுக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை! பலன் ஆறு மாதம் வரை ஓரளவு தங்கியது, ஒரு வருஷத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. என் முதுகு நாலு வருஷமாக எழுதிய நோட்டும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது.

நேரமும் முக்கியம். வேலை நெருக்கடியில் சில மாதம் அரை மணி நேர அமர்வுக்கு மாறிப் பார்த்தேன். கழுத்து மசியவே அரை மணி ஆகிவிடும், அதற்குள் எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள். நாள்பட்ட கழுத்துவலி பற்றி 2014இல் வந்த ஆய்விலும் இதே கதைதான்: வாரம் இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் எடுத்தவர்களுக்குப் பலன் கிடைத்தது, அரை மணி நேரக்காரர்களுக்கு ஒன்றும் எடுக்காதவர்களைவிடப் பெரிதாக எதுவுமில்லை. வாரம் மூன்று முறை போக யாரால் முடியும் என்பது வேறு விஷயம்.

மென்மையான கை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. நம் தோலில் மெதுவான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால்தான் அவை நன்றாகத் துடிக்கும். வேகம் கூடினால் கண்டுகொள்ளாது. ஒருநாள் குப்புறப் படுத்தபடியே மனசுக்குள் எண்ணினேன். இடுப்பிலிருந்து பிடரி வரை அவர் உள்ளங்கை வந்து சேர பத்து நொடி. என் முதுகு சுமார் ஐம்பது சென்டிமீட்டர். கணக்கு சரியாக வந்ததில் அசட்டுத்தனமான ஒரு சந்தோஷம். மசாஜ் எடுத்த அன்று ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்குவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கிறேன். தலைவலிக்காகப் போனவளுக்குத் தூக்கம் கொசுறாகக் கிடைத்தது. இத்தனைக்கும் அந்தத் தூக்கம் மட்டும் நாலு வருஷத்தில் ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

இனி, சொல்லப்பட்டு நடக்காதவை. "நச்செல்லாம் வெளியேறும்" என்பார்கள். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கின்றன. "லாக்டிக் அமிலம் கரையும்" என்பதும் அப்படித்தான். அது உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே போய்விடும். 2012இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைக்கக் களைக்க சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு தொடைக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் கொடுத்து, இரண்டு தொடையிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். லாக்டிக் அமிலத்தில் மாற்றமில்லை. ஆனால் மசாஜ் கொடுத்த தொடையில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. பழைய விளக்கம் தப்பு, பலன் பொய்யில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. எடை குறையும் என்பதற்கு என் எடைமெஷின் பதில் சொல்லிவிட்டது.

விரல்கள் மரத்துப்போனது இன்னொரு கதை. மூன்றாம் வருஷம் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ராத்திரியில் மரக்க ஆரம்பித்தன. மசாஜ் பார்த்துக்கொள்ளும் என்று இரண்டு மாதம் ஓட்டினேன், அது என் தப்பு. மணிக்கட்டில் நரம்பு நெருக்குப்படுகிறது என்றார் மருத்துவர். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்ததும், வலது கைக்கு ஓய்வு கொடுத்ததும்தான் அதைச் சரிசெய்தன.

நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த அமர்வு, நடக்காத அமர்வு. நீண்ட பயணம் முடிந்து வந்த மறுநாள் இடது கெண்டைக்கால் வலித்தது. பிடித்துவிடச் சொல்லிப் போனேன். அவர் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தார், டேப் எடுத்து அளந்தார். இடது கால் சற்றுப் பருமன், கொஞ்சம் சூடும் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு நான் கை வைக்க மாட்டேன்க்கா. மொதல்ல ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார். ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி இருந்தால் உருவிவிடுவதில் அது நழுவி நுரையீரலுக்குப் போய்விடலாம். எனக்கு நல்லவேளையாகக் கட்டி இல்லை, தசைநார் லேசாகக் கிழிந்திருந்தது. ஆனால் அன்றைக்கு அமுக்கச் சம்மதிக்கிற ஆளிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். காய்ச்சல், தோல் தொற்று, புது எலும்பு முறிவு இருக்கும்போது போகவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு பலவீனமானவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிட்டு, தெரபிஸ்டிடமும் சொல்லிவிட வேண்டும். இதையெல்லாம் நீங்கள் சொல்வதற்கு முன்பே கேட்கிற ஆளாக இருந்தால் பாதிக் கவலை விட்டது. கழுத்தைச் 'சடக்' என்று திருப்பி எடுக்கிறேன் என்பவரிடம் நான் போக மாட்டேன். கழுத்து ரத்தக்குழாய்க்கு அது ஆபத்தாக முடியக்கூடும்.

இடைப்பட்ட நாட்களுக்கு அதிரும் மசாஜ் மெஷின் ஒன்று வாங்கினேன். தொடைக்குப் பரவாயில்லை, கழுத்துப் பக்கம் கொண்டுபோகவில்லை. அதைவிட, சுவரில் டென்னிஸ் பந்தை வைத்துத் தோள்பட்டையால் உருட்டுவது நன்றாகவே வேலை செய்கிறது. மெஷின் இப்போது அலமாரியில் இருக்கிறது.

முதல் பத்து வாரம் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, இப்போது ஐந்து வாரத்துக்கு ஒரு முறை. தலைவலி மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான். இடுப்பு இறுக்கம் மழைக்கால விருந்தாளி மாதிரி எப்போதாவது வந்து போகிறது. வலது தோள் மேட்டை அமுக்கினால் நெற்றிப்பொட்டில் இப்போது எதுவும் தெறிப்பதில்லை.

போன வாரம் படுத்ததும் வழக்கம்போல வலது பக்கம் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு இடது மேட்டில் விரலை வைத்தார். சுருக்கென்று இழுத்தது.

"அக்கா, மவுஸை எப்போ இடது கைக்கு மாத்துனீங்க?"